தலவாக்கலைக்குப் பிறகுதான் மரதன்

தலவாக்கலை டவுனுக்குள் நான் ஓடி வந்தபோது கடிகாரம் 2 மணி 35 நிமிடம் காட்டியது. 30 கிலோமீட்டர் முடிந்திருந்தது. நாலு மணித்தியாலத்தில் மரதனை முடிப்பது என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்குப்படி அந்த இடத்துக்கு 2 மணி 50 நிமிடத்தில் வந்தாலே போதும். பதினைந்து நிமிடம் கையிருப்பில் இருந்தது. தண்ணீர்ப் போத்தல்களோடு ஆட்டோவில் பின்னால் வந்த தம்பி தலையை வெளியே நீட்டி, “சேர், இன்னும் பன்னெண்டு கிலோமீட்டர்தான். சும்மா போயிறலாம்” என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு 2 மணி 5 நிமிடம் போனது.

கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். ஐந்து வருடமாக ஓடுகிறேன். அரை மரதன் தூரத்தை 1 மணி 52 நிமிடத்தில் முடித்திருந்ததால், முழு மரதனுக்கு நாலு மணித்தியாலம் என்பது பேராசையாகத் தெரியவில்லை. கொழும்புக்குப் போய் அறை எடுத்துத் தங்கி ஓடும் செலவை நினைத்து, நாங்கள் நாலு பேர் சேர்ந்து சொந்தமாகவே ஒரு பாதை வைத்துக்கொண்டோம். நுவரெலியாவில் புறப்பட்டு நானுஓயா, லிந்துலை, தலவாக்கலை, பத்தனை வழியாகக் கொட்டகலை. அளந்து பார்த்ததில் மரதன் தூரமான 42.195 கிலோமீட்டருக்குக் குறைந்த தூரத்தைக் கிரகரி வாவிக் கரையில் போய் வந்து சரிக்கட்டினோம். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை ஐந்து மணி. ரோட்டில் வாகனம் குறைவு, மழையும் இல்லை.

நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலவாக்கலை ஏறக்குறைய 1200 மீட்டர். அறுநூறு மீட்டருக்கு மேல் இறக்கம், அதுவும் ஓட்டத்தின் முதல் முக்கால் பங்கில். அதற்குப் பிறகு சென்கிளயர், டெவன், பத்தனை என்று ஏறி இறங்கி ஏறும் ரோட்டு. பஸ்ஸில் போகும்போது அதை ஏற்றம் என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் வாராவாரம் பஸ்ஸில் போய் வருகிற ஆள்தான். “பாதி வழி சும்மா உருண்டே போயிடலாம்” என்று மற்ற மூவருக்கும் சொன்னவனும் நான்தான்.

என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிழை ஒரே இடத்தில் நடக்கவில்லை.

வாவிக் கரையில் குளிர் கடுமையாக இருந்தது. புல்லின் மேல் வெள்ளையாகப் பனி, பேசினால் வாயில் புகை. அந்தக் குளிரில் வியர்வை தெரியாது, தாகம் தெரியாது, உடம்பு சூடாக வேண்டும் என்பதற்காகவே கால் வேகமாகப் போகும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உடம்புக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைகிறது. கொட்டகலையில் 5 நிமிடம் 40 வினாடியில் ஓடும் ஒரு கிலோமீட்டர், நுவரெலியாவில் அதே நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருதயத்தை வேலை வாங்கும். நானோ 5 நிமிடம் 20 வினாடிக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

பிறகு இறக்கம். 5 நிமிடம் 5 வினாடி, 5 நிமிடம், ஓரிரு இடத்தில் அதற்கும் கீழே. மூச்சு வாங்கவில்லை. தேயிலை மலைகளுக்கு மேலே வெளிச்சம் வந்துகொண்டிருந்தது, வளைவுக்கு வளைவு கீழே லயங்களின் கூரைகள் தெரிந்தன, என் வாழ்நாளில் அவ்வளவு இலகுவாக நான் ஓடியதே இல்லை. அந்த இலகுதான் என்னை ஏமாற்றியது. மூச்சு வாங்காததால் உடம்பு உழைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தலவாக்கலை தாண்டி முதல் ஏற்றத்தில் தொடைகள் நின்றுவிட்டன. வலி என்று சொல்ல முடியாது. காலைத் தூக்கச் சொல்கிறேன், தூக்க மறுக்கிறது. இரண்டு தொடையும் தண்ணீரில் ஊறிய சாக்கு மாதிரிக் கனத்தன. சென்கிளயர் நீர்வீழ்ச்சி தெரியும் இடத்தில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எனக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். பத்தனையில், நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் பக்கத்தில், ரோட்டோரம் உட்கார்ந்தே விட்டேன். டவுனுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு அம்மாக்கள் நின்று, “என்னா தம்பி, காலு புடிச்சிக்கிச்சா? இப்ப பஸ்ஸு வரும், ஏறிக்கங்க” என்றார்கள். ஏறவில்லை. நடந்தேன். கொட்டகலையில் கடிகாரம் 4 மணி 40 நிமிடம்.

அடுத்த நாலு நாள் பாடசாலைப் படிக்கட்டில் முன்பக்கமாக இறங்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். ஏறும்போது வலி இல்லை, இறங்கும்போது மட்டும்தான். அதைக் கவனித்த பிறகுதான் நோய் எங்கே இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

என் மாமா கொழுந்து லொறி ஓட்டியவர். இப்போது ஓய்வு. அவரிடம் கதையைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “எந்த கியர்ல எறங்குன?”

எனக்கு விளங்கவில்லை.

“ஏறுற கியர்லதான் மருமகனே எறங்கணும். நீ டொப்புல உட்டுட்டு பிரேக்க மிதிச்சிக்கிட்டே வந்துருக்க. கீழ வந்ததும் பிரேக்கு தீஞ்சிருச்சி.”

நானுஓயாவுக்கும் ரதல்லவுக்கும் இடையிலுள்ள குறுக்கு ரோட்டில் பிரேக் போன வாகனங்களின் கதை எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிரேக் கருகும் வாசமும் தெரியும். உடம்பிலும் நடப்பது அதேதான். சமதரையில் தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தள்ளுகிறது. இறக்கத்தில் அது நீண்டுகொண்டே, உடம்பு கீழே விழாமல் இழுத்துப் பிடிக்கிறது. நீண்டபடி பாரம் தாங்கும் தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. அதற்கு ஒட்சிசன் அதிகம் தேவைப்படாததால் மூச்சு வாங்காது, இருதயம் எச்சரிக்காது. வேகம் கூடக் கூட ஒவ்வொரு அடியின் இடியும் கூடுகிறது. கணக்கு வட்டியோடு திரும்பி வருவது ஏற்றம் தொடங்கும் இடத்தில். பதினைந்து நிமிடக் கையிருப்பு என்று நான் நினைத்தது முழுக்கத் தொடையிலிருந்து வாங்கிய கடன்.

இதோடு சாப்பாட்டுப் பிழையும் சேர்ந்தது. தசையிலும் ஈரலிலும் மாச்சத்து சேமிப்பாக இருக்கிறது. மரதன் ஓடுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது 30 கிலோமீட்டரை ஒட்டித் தீரத் தொடங்கும். மெதுவாக ஓடினால் உடம்பு கொழுப்பையும் சேர்த்து எரிக்கும், சேமிப்பு நீளும். வேகமாக ஓடினால் மாச்சத்தையே தின்று தீர்க்கும். நான் புறப்படுமுன் இரண்டு வாழைப்பழமும் ஒரு பிளேன்டீயும் எடுத்ததோடு சரி. ஓடும்போது பசிக்கவில்லை, அதனால் சாப்பிடவில்லை. பசி வரும்போது நேரம் கடந்துவிடும் என்பது அப்போது தெரியாது.

அடுத்த ஒரு வருடம் அதே பாதையை மனதில் வைத்தே பயிற்சி செய்தேன். வேறு பாதைக்கு மாறலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த ரோட்டில்தான் விழுந்தேன், அதிலேயே ஓடி முடிக்க வேண்டும்.

இறங்கும் விதத்தைக் கற்றுக்கொண்டது என் அம்மாவிடம். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். ஒரு நாள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மலையிலிருந்து விறகுக் கட்டோடு இறங்கி வந்தார். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்த காட்சி, ஆனால் அன்றைக்கு அவர் கால்களை மட்டும் பார்த்தேன். முழங்கால் ஒரு தடவைகூட முழுக்க நிமிரவில்லை. எப்போதும் ஒரு சின்ன மடிப்பு. பாதம் முன்னால் எட்டி விழவில்லை, உடம்புக்கு நேர் கீழே விழுந்தது. சாண் அளவுக்குச் சின்னச் சின்ன அடி, ஆனால் நான் ஒரு அடி வைக்கும் நேரத்தில் அவர் இரண்டு வைத்தார். செங்குத்தான இடத்தில் உடம்பை லேசாகப் பக்கவாட்டில் திருப்பினார். தலையில் அத்தனை பாரம், இருந்தும் தரையில் சத்தமே இல்லை. நான் இறங்கினால் சப்பாத்து பட் பட் என்று அறையும்.

“எப்படிம்மா இப்படி எறங்குற?” என்று கேட்டேன். “பாரத்தோட குதிச்சா முட்டி போயிரும்ல” என்று சொல்லிவிட்டு விறகை இறக்கி வைத்தார்.

அன்றிலிருந்து இறக்கத்தில் எனக்கு அளவு சத்தம்தான். சப்பாத்துச் சத்தம் கேட்டால் அடி நீண்டுவிட்டது என்று அர்த்தம். உடனே அடியைச் சுருக்குவேன், கைகளைக் கொஞ்சம் அகட்டுவேன். பின்னால் சாய்ந்து பிடிக்கத்தான் மனம் சொல்லும். சாய்ந்தால் குதிக்கால் முன்னால் போய் ஊன்றும், பிரேக் இன்னும் பலமாக விழும். ரோட்டின் சரிவுக்கு ஏற்றபடி உடம்பும் லேசாக முன்னோக்கி இருக்க வேண்டும்.

தசைக்கும் பயிற்சி வேண்டும். இறக்க ஓட்டத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு தடவை தசையை வலிக்க வைத்துவிட்டால், அது ஆறியபின் அடுத்த தடவை அதே இறக்கத்தில் வலி வெகுவாகக் குறையும். அந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நிற்கும். தோட்டத்து மேல் ரோட்டிலிருந்து கீழே வரும் முக்கால் கிலோமீட்டர் சரிவைத் தெரிவுசெய்தேன். முதல் கிழமை மூன்று தடவை மட்டும், ஏறும்போது நடை. அப்படியே மெல்லக் கூட்டி, ஓட்டத்துக்கு முந்திய மாதத்தில் எட்டுத் தடவை. கடைசி இறக்கப் பயிற்சிக்கும் ஓட்ட நாளுக்கும் இடையில் இரண்டரைக் கிழமை விட்டேன். கடைசிக் கிழமையில் இறக்கம் ஓடிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஆறாத தொடையோடு நுவரெலியாவில் நிற்பது முந்தைய வருடத்தைவிட மோசமாக முடியும்.

வேகக் கணக்கையும் மாற்றினேன். முழுப் பாதைக்கும் ஒரே வேகம் என்று வைத்தது ஒரு கணித ஆசிரியன் செய்யக்கூடாத பிழை. சராசரி என்பது ஓடி முடித்த பிறகு வரும் விடை. மலைநாட்டு ரோட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் தனி வேகம் வேண்டும். முதல் 5 கிலோமீட்டருக்கு, கிலோமீட்டர் ஒன்றுக்கு 6 நிமிடம் 10 வினாடி, அடுத்த 8 கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 50 வினாடி, பிறகு தலவாக்கலை வரையான 17 கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 40 வினாடி. கூட்டினால் 30 கிலோமீட்டருக்கு 2 மணி 54 நிமிடம் வரும். ஏற்றத்தில் இழக்கும் நேரத்தை இறக்கத்தில் முழுதாகத் திரும்பப் பிடிக்க முடியாது என்பதையும் இந்தக் கணக்கு எழுதும்போதே ஒப்புக்கொண்டேன். அதனால் நாலு மணித்தியாலம் என்ற இலக்கை விட்டேன். அதை விடுவதற்கு மனதுக்கு இரண்டு கிழமை பிடித்தது.

கடிகாரத்தை மட்டும் நம்புவதில்லை. மூச்சைப் பரீட்சிக்க எனக்கு ஏழாம் வாய்ப்பாடு. “ஏழொன்று ஏழு, ஏழிரண்டு பதினாலு” என்று இரண்டு வரியை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் அது மரதன் வேகம். ஒரு வரியோடு மூச்சு முட்டினால் வேகம் கூடிவிட்டது. ஏற்றத்துக்கு இது மிகச் சரியாக வேலை செய்யும். இறக்கத்தில் மூச்சு பொய் சொல்லும் என்பதால் அங்கே சப்பாத்துச் சத்தம். இந்த இரண்டையும் என்னிடம் ஓடக் கற்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர்களிடம் கடிகாரம் இல்லை, தேவையும் இல்லை. கென்ய வீரர் கெல்வின் கிப்டம் 2023இல் சிக்காகோவில் 2 மணி 35 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது, முதல் பாதியைவிட இரண்டாம் பாதியை ஏறக்குறைய ஒரு நிமிடம் வேகமாக ஓடினார் என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஒரு மாணவி, “அப்ப மொதல்ல அவரு வேணும்னே மெதுவா ஓடுனாரா சேர்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் ஒரு வருடம் முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கடையில் விற்கும் விலை உயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். ஒரு மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உள்ளே போனால் போதும். ஒரு மேசைக்கரண்டிச் சீனியில் ஏறக்குறைய 12 கிராம் இருக்கிறது. மூன்று கரண்டிச் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்ட ஆறின பிளேன்டீயை ஒரு சின்னப் போத்தலில் கொண்டு போனேன், கூடவே பேரீச்சம்பழம். முதல் 40 நிமிடத்திலேயே தொடங்கி, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் 40 நிமிடத்துக்கு ஒரு தடவை. எங்கள் கூட்டத்தில் ஒருவர், வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனிக் கரைசல் மட்டும் குடித்து ஓடினார். உப்புக்கும் நீருக்கும் அது நல்லது, ஆனால் அதில் சீனி குறைவு, அதை மட்டும் நம்பினால் சக்தி போதாது. எதைக் குடிப்பதானாலும் நீண்ட பயிற்சி ஓட்டங்களில் குடித்து வயிற்றைப் பழக்குங்கள்.

ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஓரம் என்று ஒன்று கிடையாது. வாகனத்துக்கு முகம் கொடுத்து வலப்பக்கம் ஓடுங்கள். ஆனால் வளைவின் உள்பக்கம் மண்மேட்டை ஒட்டி வந்தால் எதிரே வரும் பஸ்காரருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். அந்த இடத்தில் முன்கூட்டியே பார்த்து வெளிப்பக்கத்துக்கு மாறிவிட வேண்டும். மூடுபனி இறங்கும் காலையில் ஒளி எறியும் மேலங்கி இல்லாமல் போகவே போகாதீர்கள்.

எங்களில் வங்கியில் வேலை செய்யும் நண்பர் இதற்கிடையில் கொழும்பில் ஒரு மரதன் ஓடினார். சமதரையைப் பார்த்ததும் கால் பறந்ததாம். 25ஆவது கிலோமீட்டரில் நடக்கத் தொடங்கினார். அங்கே காலையிலேயே காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. வெக்கைக்கு உடம்பு பழகப் பத்துப் பதினாலு நாள் வேண்டும். முதல் நாள் இரவு பஸ்ஸில் போய் இறங்கும் நமக்கு அது கிடைக்காது. நம் மலைநாட்டுப் பிள்ளைகளைக் கீழே ஓடக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். கிலோமீட்டருக்குக் குறைந்தது இருபது, முப்பது வினாடியாவது தொடக்கத்திலிருந்தே விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது தடவையும் மாசி மாதம்தான். அதே வாவிக் கரை, அதே குளிர். மற்றவர்கள் முன்னால் போய்ப் பார்வையிலிருந்து மறைந்தபோது நெஞ்சு படபடத்தது. ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டேன். இறக்கத்தில் கால் தானாக வேகம் பிடிக்கப் பார்த்தது, சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அடியைச் சுருக்கினேன். லிந்துலை கழிந்து ஓரிடத்தில் மட்டும் என்னையும் மீறி நாலைந்து நிமிடம் ஓடவிட்டேன்.

தலவாக்கலையில் ஆட்டோத் தம்பியின் முகம் வாடியிருந்தது. “சேர், போன வருசத்த விட இருவது நிமிசம் லேட்டு.” சரியாக 2 மணி 54 நிமிடம். ஒன்றும் பேசாமல் போத்தலை வாங்கிக்கொண்டேன். எனக்கும் பயம்தான். கணக்கு சரியென்று தாளில் தெரிவது வேறு, அந்த முதல் ஏற்றத்தில் கால் சொல்வது வேறு.

ஏற்றம் வந்தது. தொடை சொன்ன பேச்சைக் கேட்டது. சென்கிளயரில் போன வருடம் பிடித்து நின்ற கம்பியை ஓடிக்கொண்டே பார்த்தேன். டெவன் நீர்வீழ்ச்சியின் சத்தம் காதில் விழுந்தது, போன தடவை அது கேட்ட ஞாபகமே இல்லை. பத்தனைக்குச் சற்று முன்னால் முன்னே போன இரண்டு நண்பர்களும் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவருக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தேன், மற்றவர் கையைக் காட்டிப் போகச் சொன்னார். கடைசி 12 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 12 வினாடி வீதம் ஓடியிருந்தேன். கொட்டகலையில் 4 மணி 10 நிமிடம். தலவாக்கலைக்குப் பத்தொன்பது நிமிடம் பிந்தி வந்து, வீட்டுக்கு அரை மணித்தியாலம் முந்தி வந்திருந்தேன். கணிதம் படிப்பிக்கிறவனுக்கு அதைவிட அழகான கழித்தல் கணக்கு கிடைக்காது.

அடுத்த நாள் பாடசாலைப் படிக்கட்டில் முன்பக்கமாகவே இறங்கினேன். மெதுவாகத்தான், ஆனால் சுவரைப் பிடிக்கவில்லை. இடது தொடையின் வெளிப்பக்கம் மட்டும் மூன்று நாள் வலித்தது. லிந்துலைக்குப் பிறகு ஓடவிட்ட அந்த நாலைந்து நிமிடம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் ரோட்டு இடப்பக்கமாகச் சரிந்திருக்கும். வருகிற ஞாயிறு ஆட்டோவில் போய் அந்தத் துண்டை மட்டும் நடந்து பார்த்து, எந்தப் பக்கம் ஓடுவது என்று குறித்து வரப்போகிறோம். மாமாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.